விருந்தாளிக்குப் பெரிய சைக்கிள்

என் இடது கையின் சுண்டுவிரலும் அதற்கடுத்த மோதிரவிரலும் கொஞ்ச காலமாக என் பேச்சைக் கேட்பதில்லை. சைக்கிளில் ஒரு மணி நேரம் போனால் போதும், இரண்டும் மரத்துவிடும். இறங்கிய பிறகு சட்டைப் பொத்தான் போட வராது. கையில் வாங்கிய கிளாஸ் எப்போது நழுவும் என்று எனக்கே தெரியாது. பினாங்கில் பார்த்த டாக்டர், உள்ளங்கையின் அடியில் ஓடும் நரம்பு அழுந்துகிறது, சைக்கிளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் சைக்கிளையே விட்டுவிடுங்கள், இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் உணர்ச்சி திரும்பாமல் போனாலும் போகலாம் என்றார். உடன் வந்திருந்த என் மனைவி சாந்தி, 'விட்டுவிடுங்கள்' என்ற இடத்தை மட்டும் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டாள்.

"இந்தியாவுக்குச் சரக்கு எடுக்கப் போறீங்கல்ல, போய்ட்டு வாங்க. வந்ததும் வித்துடுவோம்" என்றாள். நானும் சரி என்றேன். அதற்குள் கை மரக்காத ஒரு சைக்கிள் கிடைத்தால் ஓட்டுவேன், கிடைக்காவிட்டால் இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

சொல்வது எளிது. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நடைப்பயிற்சிக்குப் போனால் இரண்டு நாள் படுக்கை. மாடிப்படி ஏறும்போது என் துணிக்கடைப் பையன்கள் எனக்காக நின்று வழிவிடுகிறார்கள். சைக்கிளில் இருக்கும்போது மட்டும் முழங்கால் ஞாபகம் வராது, வயது ஞாபகம் வராது. சர்க்கரை குறைந்ததும் அதனால்தான். அது போய்விட்டால் நான் கல்லாவில் உட்கார்ந்து பெருக்கும் ஒரு தொப்பைதான் என்று பயமாக இருந்தது.

பினாங்கிலேயே தேடாமல் இல்லை. பந்தய சைக்கிள் மாதிரியே இருக்கும், ஆனால் ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும், முதுகு இவ்வளவு வளைய வேண்டாம். அந்த ரகத்துக்கு எண்ட்யூரன்ஸ் பைக் என்று பெயர். நாள் முழுக்க உட்கார்ந்து போவதற்கென்றே செய்தது. கடைக்காரச் சீனர் மலாயில் சொன்னார், "கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள் முதலாளி, அதற்கு மேல் டயரில் அழுக்குப் பட்டால் என்னால் விற்க முடியாது." பத்து நிமிடத்தில் எல்லாச் சைக்கிளும் சொர்க்கம்தான். என்னுடைய பிரச்சினை ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பிப்பது.

சங்கரன்கோவிலுக்கு நான் வந்தது துண்டும் சேலையும் எடுக்க. தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் காலுக்கடியில் அதிரும். பினாங்கில் பள்ளிவாசல், கோயில், சீனக் கோயில் எல்லாம் ஒரே வரிசையில் சத்தம் போடும். இங்கே எல்லாச் சாமிக்கும் சேர்த்துத் தறியே போட்டுவிடுகிறது. செல்வின் எனக்கு வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர், நாற்பதைத் தாண்டியவர், சொந்தத் தறி வைத்திருக்கிறார். லாட்ஜில் தங்குகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கித் தன் வீட்டு மாடியில் வைத்துவிட்டார். அவர் மனைவி எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த கையோடு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தந்தார். பினாங்கில் இடியாப்பத்தோடு பழுப்புச் சர்க்கரை வைப்போம். இங்கே கருப்பட்டியைச் சீவிப் போட்டார்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, சாப்பிட்டேன்.

சரக்குப் பார்க்க உட்கார்ந்ததும் செல்வின் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அது அவருடைய வழக்கம். புதுச் சாயத்தில் எது நெய்தாலும் ஒரு துண்டைக் கையில் கொடுத்து, "அலசிப் பாருங்க அண்ணாச்சி, சாயம் போச்சுன்னா எடுக்க வேண்டாம்" என்பார். நான் துண்டைப் பிழியும்போது இடது கை பிடிப்பு இல்லாமல் வழுக்கியது. என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். பத்து நிமிட ஓட்டத்தையும் சொன்னேன்.

செல்வின் சிரித்தார். "நம்ம துண்டக்கூட ஒருத்தன் தொவைக்காம எடுக்க மாட்டாம்லா. சைக்கிள பத்து நிமிசத்துல எப்படி அண்ணாச்சி வாங்குவாவ? வலி எப்ப வருமோ அதுவரைக்கும் ஓட்டணும். வரலைன்னா வாங்கணும். அம்புட்டுத்தான்."

"அதுவரைக்கும் ஓட்ட யார் தம்பி சைக்கிள் தருவா?"

"ஏன், நாங்க இல்லையா? என்கிட்ட ஒண்ணு இருக்கு, மாரியப்பன்கிட்ட ஒண்ணு இருக்கு. ரெண்டுமே நீங்க சொல்லுத அந்த ரகந்தான்."

நான் வாய் பிளந்தது உண்மை. தறித் தெருவில் அந்த ரகச் சைக்கிளை நான் எதிர்பார்க்கவில்லை. மாரியப்பன் பஜாரில் உரக்கடை வைத்திருப்பவர், செல்வினின் பள்ளிக்கூடத்துத் தோழர். சாயங்காலம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆள் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரும் உயரம். சைக்கிளும் அவருக்கேற்ற உயரம், கார்பன் பிரேம், மூன்று விரலால் தூக்கலாம். நான் சராசரிக்கும் கொஞ்சம் கட்டை.

"முதல்ல என்னோடது சின்னது, அத ஓட்டட்டும்" என்றார் செல்வின்.

மாரியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏலே, கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்திருக்காவ. அவுகளுக்குப் போயி சின்ன வண்டியக் குடுக்கவா? நல்லாருக்காதுல்லா."

செல்வின் தன் சைக்கிளை ஓரமாகத் தள்ளி வைத்தார். கறிக்குழம்பில் பெரிய துண்டை விருந்தாளி தட்டில் தள்ளும் அதே கைதான் இதையும் தள்ளுகிறது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாரியப்பன் சீட்டை இதற்கு மேல் இறங்காது என்ற இடம்வரை இறக்கினார். அப்படியும் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மாரியப்பன் செல்வினின் சைக்கிளில், நான் மாரியப்பனுடையதில். மேலநீலிதநல்லூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவது ஏற்பாடு. அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒட்டுப்போட்ட ரோட்டில் போனால் பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மழைக்குக் காத்திருக்கும் காடுகள். ஊருக்குள் நுழைந்தால் கேள்விகள். பினாங்கில் சைக்கிள்காரனைக் கண்டால் கார்க்காரன் ஹாரன் அடிப்பான், வேறு உறவு கிடையாது. இங்கே நடந்து போகிறவர்கூட நிறுத்திக் கேட்கிறார்.

"கேரியர் எங்கய்யா?"

"இல்லை."

"பெல்லு?"

"இல்லை."

"ஸ்டாண்டும் இல்ல போலுக்க. என்ன விலை?"

மாரியப்பன் முந்திக்கொண்டு நாலில் ஒரு பங்கு விலையைச் சொன்னார். அதற்கே கேட்டவர், "ஏமாத்திட்டானுவ" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

டீக்கடைக்கு முன்பே என் விரல்கள் போய்விட்டன. எட்டி எட்டிப் பிடித்ததில் உடம்பின் பாரம் மொத்தமும் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. கிளாஸை வலது கையால் வாங்கிக்கொண்டு, இடது கையைப் பாக்கெட்டில் ஒளித்தேன். "எப்படி அண்ணாச்சி, நம்ம வண்டி?" என்று மாரியப்பன் கேட்டார். மிதக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை.

திரும்பும்போது முன் டயரில் கருவேல முள். கொண்டுவந்த மாற்று டியூபின் வால்வு குட்டை. அந்தச் சக்கரத்தின் தடித்த விளிம்பைத் தாண்டி வெளியே தலைகாட்டவில்லை, பம்பு எதைப் பிடிக்கும்? அந்நேரம் ஒரு மினி பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல போட முடியாது. சக்கரத்தக் கழட்டி மடியில வச்சிக்கிடுங்க, மிச்சத்த எஞ்சின் பக்கத்துல சாத்துதேன்."

சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் கத்தரிக்காய் மூட்டையோடு ஒரு அம்மா. டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "இம்புட்டு ஒல்லியா இருக்கே. இது எப்படிய்யா உங்களத் தாங்கும்?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் மாரியப்பன் பின்னால் மிதித்து வந்து எங்களை முந்திக்கொண்டு, நான் பத்திரமாக இருக்கிறேனா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இறங்கும்போது கண்டக்டர் சைக்கிளுக்குக் காசு வாங்கவில்லை. "அதுதான் மடியில இருந்துச்சே, கைக்குழந்த கணக்கு" என்றார்.

அடுத்த நாள் செல்வினின் சைக்கிள். அவரும் என்னைவிட ஒரு பிடி உயரம்தான். ஆனால் முந்தையதற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நேரம், எதிர்க்காற்றில் ஓட்டினால்தான் வலி தெரியும் என்று மாரியப்பன் என்னைத் தென்காசி ரோட்டில் கூட்டிப்போனார். அந்தக் காற்றை எங்கள் ஊரில் வைத்து விளக்க முடியாது. பினாங்குக் காற்று கடலிலிருந்து வந்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் போகும். இது நெஞ்சில் கை வைத்து, எங்கே போகிறாய் என்று கேட்கிறது. காற்றுக்குத் தலையைக் குனிந்தேன், குனிந்ததும் பாரம் கைக்கு வந்தது. முதலில் மோதிரவிரல், பிறகு சுண்டுவிரல். நேற்றைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மத்தியானம் தறிச் சத்தத்துக்கு நடுவே சேலை எண்ணிக் கட்டும்போது மனசு கனத்துக் கிடந்தது. இரண்டு சைக்கிளையும் துவைத்துப் பார்த்தாகிவிட்டது, இரண்டிலும் சாயம் போய்விட்டது. சாந்திக்குக் கொடுத்த வாக்கை எண்ணிப் பார்த்தேன். ஊருக்குப் போனதும் சைக்கிளைப் படம் பிடித்து விற்பனைக்குப் போடவேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு செல்வின் பஜாரிலிருந்து மட்டன் பிரியாணி வாங்கிவந்தார். மாரியப்பனும் இருந்தார். பினாங்கில் நாசி கண்டார் என்ற சோற்றில் பத்துக் குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், எது எதன் ருசி என்று தெரியாது. இங்கே சீரகச் சம்பா அரிசியிலேயே கறியின் ருசி ஏறியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் குடிக்க இடது கையால் டம்ளரை எடுத்தேன். அது நழுவி, தட்டில் விழுந்து, தண்ணீரெல்லாம் பிரியாணியில். எனக்கு வந்த வெட்கத்தில் எழுந்தே போயிருப்பேன்.

எஸ்தர் தட்டை மாற்றினார். பிறகு என் கையைப் பார்த்தார், ஆண்கள் இருவரையும் பார்த்தார். "அண்ணாச்சி, செத்த எந்திரிச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். பக்கத்தில் வந்து தோளோடு தோள் நின்றார். இருவருக்கும் ஒரே உயரம்.

"இவுகளுக்கு யாரு அந்த ரெண்டு வண்டியவும் குடுத்தது?"

"நாங்கதான்" என்றார் மாரியப்பன், பெருமை குறையாமல்.

"என் சைக்கிளு மாடிப்படிக்கு அடியில நிக்கே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையோ?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. படிக்கட்டுக்கு அடியில் போர்வை போட்டு மூடியிருந்ததை நான் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். எஸ்தரும் இவர்களோடு வாரக் கடைசியில் ஓட்டுகிறவராம். அவருடையதும் அதே ரகம், ஆனால் சின்ன பிரேம்.

செல்வின் முனகினார். "ஏட்டி, அது லேடீஸ் சைஸ்லா. ஒரு விருந்தாளிக்கு..."

"சைக்கிளுக்கு என்ன ஆம்பள, பொம்பள? எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு மூணாம் வகுப்பு அளவுல யூனிபார்ம் தைக்குதாவ. கேட்டா, வளருவாம்லா டீச்சர்ங்காவ. அது சரி, பிள்ள வளரும். அண்ணாச்சி இனிமேயா வளரப் போறாவ?"

மாரியப்பன் பிரியாணியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரையேறினார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் திடுக்கென்றது. பினாங்கில் என் சைக்கிளை விற்ற அதே சீனரும், முதலாளிக்குச் சின்னது நன்றாயிருக்காது என்று சொல்லித்தான் பெரிய அளவை எடுத்துக் கொடுத்தார். மரியாதை எங்கேயும் ஒரே மாதிரிதான் படுத்துகிறது போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எஸ்தர் சர்ச்சுக்குப் புறப்படும் முன் சைக்கிளைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். "நான் ஆராதனை முடிஞ்சு வாரதுக்குள்ள நீங்க வந்துருவிய. ஜெபத்துல உங்க விரலுக்கும் ஒரு வார்த்த சொல்லுதேன்" என்றார். மாரியப்பன் விடவில்லை. காலையிலேயே சங்கரநயினார் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்திருந்தார். இந்த ஊரில் உடம்புக்கு என்ன வந்தாலும் அந்த மண்ணைப் பூசாமல் விடமாட்டார்கள். தண்ணீரில் குழைத்து என் இரண்டு விரலிலும் தாராளமாக அப்பினார். உரக்கடைக்காரர் கை, அளவு தெரியாது. அது காய்ந்து கட்டியாகும்வரை காத்திருந்து, பைய ஏறினேன். சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாகப் போய் ஹேண்டில்பாரில் அமர்ந்தது. எட்டவே வேண்டியிருக்கவில்லை.

இளையரசனேந்தலுக்குப் போகும்போது காற்று முதுகுப் பக்கம். கரிசல் காட்டுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மிதித்தோமோ, காற்றுதான் தள்ளியதோ தெரியாது, போய்ச் சேர்ந்துவிட்டோம். டீக்கடையில் கடலைமிட்டாய் வாங்கித் தின்றோம். நான் விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காற்று தள்ளிவிடும்போது யாருக்குத்தான் வலிக்கும்? இனி திரும்ப வேண்டும், அத்தனை தூரமும் எதிர்க்காற்றில். இதுதான் கடைசிச் சைக்கிள், இதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. மிச்ச மிட்டாயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"போவமா அண்ணாச்சி?" என்றார் மாரியப்பன்.

குருவிகுளம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மாரியப்பன் தன் பெரிய உடம்பை எனக்கு முன்னால் கொண்டுவந்து மறைத்துக்கொண்டு மிதித்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன். ஒரு கிலோமீட்டர் கல், இன்னொரு கல். மற்ற இரண்டு நாளும் மரத்துப்போன நேரமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. மரக்கப் போகிறது, இதோ ஆரம்பிக்கப் போகிறது என்று விரலையே கவனித்துக்கொண்டு வந்தேன். அப்போது சுண்டுவிரலில் என்னவோ ஆனது. எறும்பு ஊர்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி. தொலைந்தது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. காய்ந்த மண் வியர்வையில் ஊறித் தோலைப் பிடித்து இழுத்தது.

"மாரியப்பன்!" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். அவர் பதறிப்போய் நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி? என்ன செய்யுது?"

"விரல் அரிக்குது!"

"அரிக்குதா?"

"சுண்டுவிரல் அரிக்குது தம்பி. நல்லா அரிக்குது!"

"அரிச்சா சொறிஞ்சுக்கிடுங்க. அதுக்கா இந்தச் சத்தம்?" என்றவருக்கு, சொல்லி முடிப்பதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. சைக்கிளை அப்படியே கருவேல மரத்தில் சாத்திவிட்டு ஓடிவந்து, என் கையைப் பிடித்துச் சுண்டுவிரலை ஒரு கிள்ளு கிள்ளினார். ஆ என்று அலறினேன். அந்த வலிக்கு நான் அவருக்கு என்றென்றும் கடன்பட்டவன். பக்கத்திலிருந்த சிறு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, மண் உதிர உதிர ஆசைதீரச் சொறிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததைக் காற்றின் மேல் போட்டுவிட்டேன். சைக்கிளின் அளவு, டீச்சரின் ஜெபம், மாரியப்பனின் மண், எது காரணம் என்று கேட்டால் டாக்டர் முதலாவதைச் சொல்வார். மூன்றுக்கும் நன்றி சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அங்கிருந்தே சாந்தியைக் கூப்பிட்டேன். காற்றிரைச்சலில் நடந்ததையெல்லாம் சொன்னேன், பெரிய சைக்கிள், மினி பஸ், எஸ்தர் டீச்சர், மண், அரிப்பு எல்லாம்.

"அப்ப இப்ப இருக்கிறதை விக்கணும்" என்றாள்.

"விக்கணும்" என்றேன். "பெரிசு அது."

"சின்னது எடுக்கும்போது சொல்லுங்க, நானும் கடைக்கு வரேன்" என்றாள். "அந்தச் சீனர் முதலாளி முதலாளின்னு கூப்பிட்டாருன்னா, நீங்க மறுபடியும் பெரிசையே வாங்கிட்டு வந்துடுவீங்க."